குற்றவாளிக் கூண்டில் ஒரு மரபணு

1978ஆம் ஆண்டு நெதர்லாந்தில், நைமேகன் நகரத்துப் பல்கலைக்கழக மருத்துவமனையின் மரபியல் பிரிவுக்கு ஒரு பெண் வந்தார். அவர் உடம்புக்கு ஒன்றுமில்லை. கவலையெல்லாம் குடும்பத்து ஆண்களைப் பற்றியது. எல்லா ஆண்களும் அல்ல, சிலர் மட்டும். அவர்களுக்குப் படிப்பு சரியாக ஏறவில்லை. பெரும்பாலான நாட்களில் ஒதுங்கியே இருப்பார்கள். சின்ன ஏமாற்றமோ பயமோ வந்துவிட்டால் மட்டும் என்ன செய்வார்கள் என்று சொல்ல முடியாது. பெண்கள் யாரிடமும் இந்தப் போக்கு இல்லை. இது பரம்பரைக் கோளாறா, அடுத்த தலைமுறையையும் தொடருமா என்பதுதான் அவர் கேட்க வந்த கேள்வி.

அந்தக் குடும்பத்தில் இந்தக் கேள்வி புதிதல்ல. பாதிப்பு எதுவும் இல்லாத பெரியவர் ஒருவர் 1962லேயே உற்றார் உறவினரை விசாரித்து, இதே போக்குடைய ஒன்பது ஆண்களைக் குறித்து, 1870 வரை பின்னோக்கிப் போகும் வம்சாவளிப் படம் ஒன்றை வரைந்து வைத்திருந்தார். மரபியலில் எந்தப் பயிற்சியும் இல்லாதவர் செய்த அந்த வேலை, பின்னால் வந்த மருத்துவர்களின் வேலையைப் பாதி குறைத்தது. கோளாறு தாய் வழியாக மகனுக்குப் போகிறது, மகளைத் தொடுவதில்லை என்பது படத்தைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அப்படியானால் தேட வேண்டிய இடம் எக்ஸ் குரோமோசோம். பெண்ணுக்கு அது இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றொன்று சமாளித்துவிடும். ஆணுக்கு ஒன்றே ஒன்று.

ஹான் ப்ரூனர் என்ற மரபியல் மருத்துவரும் அவரது குழுவும் பல ஆண்டுகள் தேடினார்கள். தேடலோடு சேர்ந்து குடும்பத்தின் இருண்ட கதைகளும் வெளிவந்தன. ஒருவர் தன் சகோதரியையே பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியவர். காப்பகத்தில் இருந்தபோது, வயல் வேலையின் நடுவே ஊழியர் ஒருவரின் மார்பில் கவைக்கோலால் குத்தினார். இன்னொருவர், வேலை சரியில்லை என்று கடிந்துகொண்ட மேலாளரைக் கார் ஏற்றிக் கொல்லப் பார்த்தார். இருவர் வீடுகளுக்குத் தீ வைத்தவர்கள். 1993இல் விடை கிடைத்தது. மோனோஅமைன் ஆக்சிடேஸ் ஏ, சுருக்கமாக எம்.ஏ.ஓ.ஏ., என்ற நொதிக்கான மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. 527 கண்ணிகள் கொண்டதாக உருவாக வேண்டிய புரதம், அந்த ஓர் எழுத்தால் 296ஆவது கண்ணியில் ‘நிறுத்து’ என்ற கட்டளை பெற்று, அரைகுறையாக நின்றுபோனது. பாதிக்கப்பட்ட ஆண்களின் உடலில் அந்த நொதி அறவே வேலை செய்யவில்லை.

நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் செரட்டோனின், டோபமின், நார்அட்ரினலின் ஆகிய ரசாயனங்களை, வேலை முடிந்த பின் சிதைத்து அகற்றுவது எம்.ஏ.ஓ.ஏ.வின் பணி. இந்த ஆண்களின் சிறுநீரைச் சோதித்தபோது, சிதைந்த பின் வெளியேற வேண்டிய பொருட்கள் குறைவாகவும், சிதையாத பொருட்கள் அளவுக்கு மீறியும் இருந்தன. கண்ணி கண்ணியாகக் கோத்துப் பார்க்க முடிந்த அபூர்வமான சங்கிலி இது: ஓர் எழுத்து, ஒரு புரதம், மூளையின் ரசாயனம், கடைசியில் நடத்தை. ‘சயன்ஸ்’ இதழில் கட்டுரை வெளிவந்ததும் பத்திரிகைகள் அதைத் தமக்கு வேண்டிய அளவுக்குச் சுருக்கிக்கொண்டன. முதல் கண்ணியையும் கடைசிக் கண்ணியையும் வைத்துக்கொண்டு, நடுவில் இருந்தவற்றை வெட்டிவிட்டன. ‘வன்முறை மரபணு’ பிறந்தது அப்படித்தான். நடத்தையை நேரடியாக எழுதிவைக்கும் மரபணு என்று ஒன்று இருக்க முடியாது என்று ப்ரூனரே பின்னர் எழுதினார். அதை யாரும் தலைப்பாகப் போடவில்லை.

வெட்டப்பட்ட நடுப்பகுதியில்தான் விஷயமே இருக்கிறது.

1952இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் உள்ள சீ வியூ மருத்துவமனையில், காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் என்ற புதிய மருந்து கொடுக்கப்பட்டது. நுரையீரலுக்காகக் கொடுத்த மருந்து மனதில் வேலை செய்தது. மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தவர்கள் எழுந்து நடமாடினார்கள், சிரித்தார்கள், நிறையச் சாப்பிட்டார்கள், வார்டிலேயே நடனமாடினார்கள். அந்த மருந்து தடுத்து நிறுத்தியது இதே மோனோஅமைன் ஆக்சிடேஸ் நொதியைத்தான். கல்லீரலைக் கெடுக்கிறது என்று சில ஆண்டுகளில் கைவிடப்பட்டாலும், உலகின் முதல் மனச்சோர்வு மருந்து என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. ஒரே நொதி. டச்சுக் குடும்பத்தில் அது இல்லாமல் போனதால் தீவைப்பும் தாக்குதலும்; ஸ்டேட்டன் தீவில் அதை அடக்கியதால் சிரிப்பும் நடனமும். இந்த முரண்பாட்டை விளக்காமல் ‘வன்முறை மரபணு’ பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

விளக்கத்தின் ஒரு பகுதி எலிகளிடமிருந்து வந்தது. 1995இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வேறொரு நோக்கத்துக்காக எலிக் கருவுக்குள் ஒரு மரபணுவைச் செருகினார்கள். அது தற்செயலாக எம்.ஏ.ஓ.ஏ. மரபணுவின் நடுவே போய் உட்கார்ந்து அதை முடக்கிவிட்டது. பிறந்த குட்டிகளின் மூளையில் செரட்டோனின் இயல்பைவிட ஒன்பது மடங்கு வரை ஏறியிருந்தது. குட்டிகள் நடுங்கின, ஆண் எலிகள் வளர்ந்ததும் ஒன்றையொன்று கடித்துக் குதறின. மூளையைப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. எலியின் ஒவ்வொரு மீசை முடிக்கும் மூளைப் புறணியில் தனித்தனிச் செல்திரள் உண்டு. இந்த எலிகளிடம் அந்த அமைப்பே உருவாகவில்லை. ஆனால் பிறந்த முதல் சில நாட்களில் செரட்டோனின் உற்பத்தியை மருந்தால் மட்டுப்படுத்தினால் அமைப்பு சரியாக உருவானது. ஆக, நொதி இன்று இல்லை என்பதைவிட, மூளை தன்னைக் கட்டிக்கொண்டிருந்த நாட்களில் அது இல்லாமல் போனது பெரிய விஷயம். காசநோயாளிகளின் மூளை எப்போதோ கட்டி முடிக்கப்பட்டது. அங்கே நொதியைத் தடுத்தால் மனநிலை மாறும், கட்டுமானம் மாறாது.

நைமேகன் குடும்பத்துக்குப் பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் இதே பழுதுடன் இன்னொரு குடும்பம் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகவில்லை. 2014இல் பிரான்ஸிலும் 2016இல் ஆஸ்திரேலியாவிலும் கிடைத்த குடும்பங்களில், மரபணு எழுத்து மாற்றம் வேறு வகை. நொதி கிட்டத்தட்ட அதே அளவு செயலிழந்திருந்தது. அங்கே மருத்துவர்கள் முதலில் கண்டது கற்றல் குறைபாடும் ஆட்டிசக் கூறுகளும். குற்றப் பதிவேடு அல்ல, குழந்தை மருத்துவரின் கோப்பு. ஆஸ்திரேலியக் குழுவின் கவனம் சிகிச்சைக்கு வழியுண்டா என்பதில் இருந்தது.

நவீன உயிரியலில் இத்தகைய அவசரத்துக்கு இது முதல் உதாரணம் அல்ல. 1965இல் ஸ்காட்லாந்தின் கார்ஸ்டேர்ஸ் காப்பு மருத்துவமனையில், வன்முறைப் பின்னணி கொண்ட 197 ஆண்களின் குரோமோசோம்களைப் பட்ரீஷியா ஜேக்கப்ஸ் குழுவினர் சோதித்தார்கள். ஏழு பேருக்கு ஒய் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருந்தது. ஆயிரம் ஆண்களில் ஏறக்குறைய ஒருவருக்கு மட்டுமே இருப்பது இது. ஒய் என்றால் ஆண், ஆண் என்றால் முரடு, இரண்டு ஒய் என்றால் இரட்டை முரடு என்று பொதுப்புத்தி கணக்குப் போட்டது. சிகாகோவில் எட்டுச் செவிலியர் மாணவிகளைக் கொன்றவனுக்கும் இதே அமைப்புதான் என்று செய்தி பரவியது; சோதனையில் அவனுடைய குரோமோசோம்கள் சாதாரண ஆணுடையவை என்று தெரிந்த பிறகும் பாடநூல்களில் அந்தத் தகவல் தொடர்ந்தது.

இதற்கு முடிவு கட்டியது ஆரவாரமில்லாத ஒரு டேனிஷ் ஆய்வு. கோபன்ஹேகனில் பிறந்த ஆண்களில் உயரமான 4,139 பேரைச் சோதித்ததில், கூடுதல் ஒய் உடையவர்கள் 12 பேர் கிடைத்தார்கள். சராசரியைவிட அவர்களிடம் தண்டனைப் பதிவு தெளிவாகவே அதிகம்தான். ஆனால் பெரும்பாலும் சில்லறைத் திருட்டு, அதிலும் கையும் களவுமாக அகப்பட்டுக்கொள்ளும் ரகம். வன்முறை அதிகம் என்பதற்கு ஆதாரமே இல்லை. அறிவுத்திறன் சற்றுக் குறைவாக இருந்தது சிறைப் பதிவுக்கு ஓரளவு காரணமாகத் தோன்றியது. 1976இல் இது வெளியானது. பதினோரு ஆண்டுகளாகக் கூடுதல் ஒய் உடைய ஆண்கள் மீது ஒட்டியிருந்த முத்திரை அவ்வளவு எளிதில் உரியவில்லை.

எம்.ஏ.ஓ.ஏ.வுக்குத் திரும்பலாம். டச்சுக் குடும்பத்தின் பழுது உலகிலேயே விரல்விட்டு எண்ணக்கூடியது. அதை வைத்து ஊர் உலகத்தின் கோபத்தை விளக்க முடியாது. ஆனால் இதே மரபணுவின் முகப்பில், எவ்வளவு நொதி தயாராக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில், 30 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு திரும்பத் திரும்ப வருகிறது. சிலருக்கு மூன்று முறை, சிலருக்கு நான்கு முறை. மூன்று என்றால் நொதி குறைவாகத் தயாராகும். இது நோயல்ல, ஐரோப்பிய ஆண்களில் மூன்றில் ஒருவருக்கும், சீன ஆண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கும் இருப்பது. இந்தச் சாதாரண வேறுபாட்டுக்கும் நடத்தைக்கும் தொடர்பு உண்டா?

பதிலைத் தேட வழி நியூசிலாந்தின் டனீடன் நகரில் இருந்தது. அங்கே 1972 ஏப்ரல் முதல் 1973 மார்ச் வரை பிறந்த 1,037 குழந்தைகளை ஓர் ஆய்வுக்குழு தொடர்ந்து கவனித்து வருகிறது. உலகம் முழுதும் சிதறிப் போனவர்களைக்கூட விமானச் சீட்டுக் கொடுத்து வரவழைத்துச் சோதிக்கும் பிடிவாதக்காரர்கள். 26 வயதில் உயிரோடு இருந்தவர்களில் 96 சதவீதம் பேர் ஆய்வில் நீடித்தார்கள்; நீண்டகால ஆய்வுகளில் இது காணக் கிடைக்காத எண். அவ்ஷலோம் காஸ்பியும் டெர்ரி மொஃபிட்டும் இவர்களில் 442 ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். மூன்று வயது முதல் பதினொரு வயது வரை வீட்டில் அடி உதையும் புறக்கணிப்பும் அனுபவித்தவர்கள் யார் யார் என்ற பதிவில் பெரும்பகுதி, நினைவிலிருந்து சொன்னதாக அல்லாமல், அந்தந்தக் காலத்திலேயே எடுக்கப்பட்டதாகக் கையில் இருந்தது.

2002இல் வெளிவந்த முடிவு இரண்டு பகுதி கொண்டது. பிறகு நடந்த குழப்பம் பெரும்பாலும் முதல் பகுதியை மறந்ததால் வந்தது. முதல் பகுதி: குறைந்த நொதி வகை மட்டும் தனியாக எவரையும் வன்முறையாளர் ஆக்கவில்லை. நல்ல வீட்டில் வளர்ந்தவர்களிடம் இரு வகைக்கும் பேதமே தெரியவில்லை. இரண்டாவது பகுதி: சிறுவயதில் கொடுமைக்கு உள்ளானவர்களிடையே பேதம் தெரிந்தது. குறைந்த நொதி, கொடுமை இரண்டும் சேர்ந்தவர்கள் அந்த ஆண்களில் 12 சதவீதம்தான். மொத்த வன்முறைத் தண்டனைகளில் 44 சதவீதம் அவர்கள் கணக்கில் வந்தது. குற்றத்தின் விதை மரபணுவில் இருக்கிறது என்று வாதிட விரும்புவோருக்கு இந்த ஆய்வு எந்த உதவியும் செய்யாது. அது சொன்னது, கொடுமை எல்லாக் குழந்தைகளையும் ஒரே அளவில் சிதைப்பதில்லை என்பதைத்தான்.

நான்கே ஆண்டுகளில், அதே நியூசிலாந்தின் விஷயத்திலேயே இந்த நுணுக்கம் காற்றில் பறந்தது. இதற்கிடையில் 2004இல் குரங்குகளின் எம்.ஏ.ஓ.ஏ. பற்றிய ஒரு செய்திக் கட்டுரையில் ‘போர்வீரன் மரபணு’ என்ற அடைமொழி அச்சேறியிருந்தது. 2006 ஆகஸ்டில் பிரிஸ்பேனில் நடந்த மரபியல் மாநாட்டில், நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி ஆண்களிடம் குறைந்த நொதி வகை சற்று அதிகம், பசிபிக் பெருங்கடலைப் படகில் கடந்த முன்னோர்களின் துணிச்சலோடு இதற்குத் தொடர்பு இருக்கலாம் என்று ராட் லீ என்ற ஆய்வாளர் பேசினார். சோதிக்கப்பட்ட மாவோரி ஆண்கள் ஐம்பது பேர்கூட இல்லை. மறுநாள் செய்திகளில் அது மாவோரிகளின் குற்ற விகிதத்துக்கு விளக்கமாக மாறியிருந்தது. மாவோரித் தலைவர்கள் கொதித்தார்கள். மற்ற மரபியலாளர்கள் எளிய கேள்வி ஒன்றைக் கேட்டார்கள்: மாவோரிகளைப் போலவே சீனர்களிடமும் இந்த வகை மிகுதி, அவர்களை ஏன் யாரும் போர்வீரர்கள் என்பதில்லை? டனீடன் ஆய்வில் அந்த 442 பேரும் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதையும், ஆபத்து மரபணுவில் அல்ல அடிபட்ட பிள்ளைப் பருவத்தில் தெரிந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மாவோரி விளக்கம் எவ்வளவு பலவீனமானது என்று புரியும்.

ஒரு மக்கள் கூட்டத்தின் மீது குற்றத்தைப் பிறப்பாகவே எழுதிவைக்கும் வழக்கத்துக்கு மரபணுச் சோதனை தேவைப்பட்டதில்லை என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியும். 1871இல் பிரிட்டிஷ் இந்திய அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், சாதித் தொழில் வழிவழியாக வருவதுபோலக் குற்றமும் வழிவழியாக வரும் என்ற நம்பிக்கையில் எழுந்தது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. குற்றமே செய்யாதவரும் கைரேகை பதிந்து, அதிகாரிகள் முன் கணக்குக் கொடுத்து நிற்க வேண்டியிருந்தது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூர்க் கள்ளர்கள் மீது 1920 ஏப்ரலில் துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் 1947இலும், இந்தியா முழுவதும் 1952இலும் சட்டம் நீங்கியது. வெள்ளைக்கோட்டு ஆய்வகமும் காக்கிச்சட்டைப் பதிவேடும் ஒன்றல்ல. ஆனால் ‘இவர்கள் பிறவியிலேயே இப்படி’ என்ற வாக்கியம் ஆய்வகத்தை விட்டு வெளியே வந்ததும் எந்தப் பதிவேட்டில் போய் உட்காரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

எம்.ஏ.ஓ.ஏ. கதையில் 2009 விசித்திரமான ஆண்டு. ஒரு பக்கம் நீதிமன்றங்கள் அதை நம்பத் தொடங்கின. இன்னொரு பக்கம் அந்த வகை அறிவியலின் அடித்தளம் ஆட்டம் காணத் தொடங்கியது.

முதலில் நீதிமன்றம். ஜார்ஜியா மாநிலத்தில் மரண தண்டனைக் கைதி ஒருவரின் வழக்கறிஞர்கள், ப்ரூனரின் கட்டுரை வந்த மறு ஆண்டே, தங்கள் கட்சிக்காரருக்கு இந்தச் சோதனை செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அறிவியல் இன்னும் உறுதிப்படவில்லை என்று நீதிமன்றம் மறுத்தது. 2005இல் தண்டனை நிறைவேறியது. 2009இல் காற்று திசை மாறியது. டென்னஸி மாநிலத்தில் மனைவியின் தோழியைக் கொன்று, மனைவியையும் கொல்ல முயன்ற ஒருவருக்கு அரசுத் தரப்பு மரண தண்டனை கேட்டது. குறைந்த நொதி வகை, சிறுவயதுக் கொடுமை இரண்டும் சேர்ந்தவர் என்று எதிர்த்தரப்பு நிபுணர் சாட்சியம் சொன்னார். ஜூரி அதைக் கொலை என்று கொள்ளாமல், அதைவிடக் குறைந்த குற்றமாகத் தீர்ப்பளித்தது. 32 ஆண்டு சிறை. அதே ஆண்டு இத்தாலியின் ட்ரியஸ்தே மேல்முறையீட்டு நீதிமன்றம், கொலைக் குற்றவாளி ஒருவருக்கு விதித்த 9 ஆண்டு 2 மாத தண்டனையில் ஓராண்டைக் குறைத்தது. நீதிபதிக்கு வலுவாகப் பட்ட ஆதாரம் மரபணுச் சோதனை முடிவு. ஐரோப்பிய ஆண்களில் மூன்றில் ஒருவர் கோரத்தக்க சலுகை அது என்பது தீர்ப்பில் கணக்கில் வந்ததாகத் தெரியவில்லை.

நீதிபதிகள் இத்தகைய சாட்சியத்தை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதையே மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 181 மாநில நீதிபதிகளிடம் ஒரே கற்பனை வழக்கைக் கொடுத்தார்கள். குற்றவாளி மனசாட்சி உறுத்தாத ஆளுமைக் கோளாறு உள்ளவர் என்பது எல்லோருக்கும் சொல்லப்பட்டது. பாதிப் பேருக்கு மட்டும் அதன் மரபணு, மூளைக் காரணங்களும் விளக்கப்பட்டன. விளக்கம் பெறாதவர்கள் விதித்த தண்டனை சராசரியாக 13.93 ஆண்டு, பெற்றவர்கள் விதித்தது 12.83. 2012இல் வெளியான இந்த முடிவில் எண்ணைவிட நீதிபதிகள் எழுதிய காரணங்கள் சுவையானவை. கட்டுப்பாடு இல்லாதவர், ஆகவே குற்றம் குறைவு என்றும், கட்டுப்பாடு இல்லாதவர், ஆகவே சமூகத்துக்கு ஆபத்து அதிகம் என்றும் அதே சான்று இரண்டு பக்கமும் வெட்டியது.

இனி அறிவியல். அதே 2009இல், குறைந்த நொதி வகையினர் சீண்டப்பட்டால் பழிவாங்குகிறார்களா என்று பார்க்க ஒரு சோதனை வெளியானது. தன் பணத்தைப் பறித்த ஆளுக்குக் காரமான மிளகாய்ச் சாற்றைக் குடிக்கக் கொடுக்கலாம் என்பது ஏற்பாடு. ஆம், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தார்கள். பங்கேற்றவர்கள் நூறு பேரைத் தொடவில்லை. அந்தக் காலத்து ஆய்வுகளில் பல இப்படித்தான்: புகழ்பெற்ற ஒரு மரபணு, சின்னக் கூட்டம், சாமர்த்தியமான சோதனை, கவர்ச்சியான தலைப்பு. மரபணுவும் சூழலும் சேர்ந்து செய்யும் வேலை பற்றிய முதல் பத்தாண்டு ஆய்வுகள் நூற்றுக்கு மேற்பட்டவற்றை லாரமி டங்கனும் மேத்யூ கெல்லரும் 2011இல் கணக்கெடுத்தார்கள். புதிதாக ஒன்றைக் கண்டதாகச் சொன்ன ஆய்வுகளில் 96 சதவீதம் ‘வெற்றி’. அதே முடிவை மீண்டும் பெற முயன்றவற்றில் வெற்றி 27 சதவீதம். வெற்றி கிடைத்தால் அச்சாகும், தோற்றால் மேசை இழுப்பறைக்குள் கிடக்கும் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் தேடத் தேவையில்லை.

அதிக அடி வாங்கியது எம்.ஏ.ஓ.ஏ.வின் பங்காளி. செரட்டோனினைத் திரும்ப உறிஞ்சும் புரதத்தின் மரபணுவில் உள்ள குட்டை வகை, வாழ்க்கை நெருக்கடியோடு சேர்ந்தால் மனச்சோர்வு வரும் என்று காஸ்பி குழுவே 2003இல் சொல்லியிருந்தது. ஆயிரக்கணக்கான கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டின. 2009இல் 14 ஆய்வுகளின் 14,250 பேரைச் சேர்த்துப் பார்த்தபோது தொடர்பு காணவில்லை. 2019இல் ரிச்சர்ட் பார்டர் குழு, மனச்சோர்வுக்குக் காரணம் என்று பேசப்பட்ட 18 மரபணுக்களை லட்சக்கணக்கானோரிடம் சோதித்தது. கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கும் எந்த மரபணுவையும்விட அவை மேலானவை அல்ல என்பது முடிவு. கால் நூற்றாண்டு உழைப்பின் பெரும்பகுதி அந்த ஒரே கட்டுரையில் கரைந்தது. எம்.ஏ.ஓ.ஏ.வுக்கும் சிறுவயதுக் கொடுமைக்கும் உள்ள உறவு அந்த அளவுக்கு விழவில்லை. 27 ஆய்வுகளைத் தொகுத்த 2014 மதிப்பீடு, ஆண்களிடம் அது மெலிதாகத் தாக்குப்பிடிப்பதாகச் சொல்கிறது. அதை வைத்து ஒரு மனிதனின் எதிர்காலத்தைக் கணிக்க முடியாது. தண்டனையைக் குறைக்கவோ கூட்டவோ நிச்சயம் முடியாது.

அப்படியானால் குணத்தில் பரம்பரைக்குப் பங்கே இல்லையா? உண்டு, நிறையவே உண்டு. ஐம்பது ஆண்டு இரட்டையர் ஆய்வுகளை, ஒரு கோடியே 45 லட்சம் இரட்டையர் இணைகளை, 2015இல் ஒரு குழு தொகுத்துப் பார்த்தது. 17,804 பண்புகளின் சராசரியில், மனிதர்களுக்கு இடையிலான வேறுபாட்டில் 49 சதவீதம் மரபோடு சேர்ந்து போகிறது. ஒருவரின் கோபத்தில் பாதி அப்பாவிடமிருந்து வந்தது என்று இதற்குப் பொருளல்ல. ஒரு கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் ஏன் மாறுபடுகிறார்கள் என்பதற்கான கணக்கு இது. கூட்டத்தையும் சூழலையும் மாற்றினால் எண்ணும் மாறும்.

தவறு, அந்தப் பங்கை ஒரு மரபணுவிடம் தேடியதில்தான். புலனடக்கம் குறைவதன் பல முகங்களான கவனக்குறைவுக் கோளாறு, புகை, குடி, ஆபத்தை நாடுதல் போன்றவற்றைச் சேர்த்து, 15 லட்சம் பேரின் மரபுத்தொகையை 2021இல் ஆராய்ந்தபோது 579 இடங்கள் தட்டுப்பட்டன. இதற்கு மேலும் ஆயிரக்கணக்கில் இருக்கும். திருவாரூர்த் தேரின் வடத்தைப் பிடித்த கைகளில் எது தேரை நகர்த்தியது என்று கேட்பதுபோலத்தான் ‘அந்த மரபணு எது’ என்று கேட்பதும். எல்லாக் கைகளின் பலத்தையும் ஒரே மதிப்பெண்ணாகக் கூட்டினாலும், அது ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத்தான் விளக்குகிறது.

ஒற்றை மரபணு மனதை நேரடியாகப் பாதிக்கும் தெளிவான உதாரணம் வேண்டுமென்றால், அது வன்முறையில் இல்லை. ஃபீனைல்கீட்டோனூரியா என்ற நோயில் இருக்கிறது. 1934இல் ஆஸ்லோவில் ஒரு தாய், அறிவு வளர்ச்சி குன்றிய தன் இரண்டு குழந்தைகளை அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவரிடம் கொண்டுவந்தார். குழந்தைகள் மேல் எப்போதும் விசித்திரமான நாற்றம் வீசுகிறது என்பதை எந்த மருத்துவரும் பொருட்படுத்தியதில்லை. ஃபோலிங் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு விட்டார். வரவேண்டிய பழுப்பு நிறம் வராமல் பச்சை வந்தது. உணவுப் புரதத்தில் உள்ள ஃபீனைல்அலனைனைச் செரிக்கும் நொதி இல்லாததால் அது தேங்கி மூளையைக் கெடுப்பது பிறகு தெரிந்தது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் நோய் நிச்சயம். ஆனால் 1950களில் பர்மிங்ஹாமில், அந்தப் பொருள் குறைந்த உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1960களில், பச்சிளங்குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதிக்கும் முறையை ராபர்ட் கத்ரி கொண்டுவந்தார். இன்று முதல் வாரங்களிலேயே உணவுக் கட்டுப்பாட்டைத் தொடங்கும் குழந்தைகள் மற்றவர்களைப் போலவே படித்து வேலைக்குப் போகிறார்கள். மரபணு இம்மியும் மாறவில்லை. தட்டில் உள்ள சாப்பாடு மாறியது.

டனீடன் முடிவை ஒருவர் உண்மையிலேயே நம்பினாலும், அதிலிருந்து செய்யக்கூடிய காரியம் மரபணுச் சோதனை அல்ல. கொடுமைதான் நெம்புகோல் என்றால் கை வைக்க வேண்டிய இடம் அது. டேவிட் ஓல்ட்ஸ் 1978இல் நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா என்ற சிற்றூர்ப் பகுதியில் அதைச் செய்துகாட்டினார். முதல் பிள்ளையைச் சுமந்த 400 பெண்கள்; பலர் பதின்வயதினர், மணமாகாதவர்கள், ஏழைகள். குலுக்கலில் தேர்ந்த ஒரு பகுதியினர் வீட்டுக்குக் கர்ப்ப காலம் தொட்டுக் குழந்தைக்கு இரண்டு வயதாகும் வரை செவிலியர் ஒருவர் போய்வந்தார். புகையை விடுவது, பிள்ளை விடாமல் அழும்போது என்ன செய்வது, மறுபடி படிக்கப் போவது என்று பேச்சு. பதினைந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது, செவிலியர் போன வீடுகளில் குழந்தைக் கொடுமைப் புகார்கள் ஏறக்குறையப் பாதியாக இருந்தன. பிள்ளைகள் கைதானதும் குறைவு. பத்தொன்பது வயதில் மறுபடி பார்த்தார்கள். பெண் பிள்ளைகளிடம் அந்த நன்மை நீடித்தது. ஆண் பிள்ளைகளிடம் கைது எண்ணிக்கையில் வித்தியாசம் மறைந்துபோயிருந்தது. எம்.ஏ.ஓ.ஏ. பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் ஆண்களையே பார்த்தவை. இங்கே பலன் நிலைத்தது பெண்களிடம். இந்த முடிவு 2010இல் வெளியானது, எந்தப் பத்திரிகையும் அதற்கு அடைமொழி சூட்டவில்லை.